உங்கள் போனில் 4 வைரஸ்: சொன்னது யார்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா தன் போனை என் கையில் திணித்தார். "இதுல வைரஸ் பூந்துடுச்சுப்பா, நாளுக்கு நாப்பது தடவை கத்துது." வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல்பக்கத்தை இழுத்தால் வரிசையாக ஏழெட்டு எச்சரிக்கைகள். சிவப்பு முக்கோணம், ஆச்சரியக்குறி, போனில் 4 வைரஸ் இருக்கிறது, சிம் கார்டு கெட்டுப்போகப் போகிறது, உடனே சுத்தம் செய்யவும். ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடையில் கொடுத்து, 400 ரூபாய் கட்டி, 'ஃபார்மட்' அடித்து வாங்கியிருக்கிறார். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் போய்விட்டன. வைரஸ் மட்டும் பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது.

அந்த எச்சரிக்கைகளில் ஒன்றை உற்றுப் பார்த்தேன். தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே, கண்ணுக்கே தெரியாத சின்ன சாம்பல் எழுத்தில் 'குரோம்' என்று பிரவுசரின் பெயரும், பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயரும் இருந்தன. அவ்வளவுதான் விஷயம். பெரியம்மா ராசிபலன் பார்க்க எங்கோ போயிருக்கிறார். அங்கிருந்து ஒரு விளம்பரம் வேறு பக்கத்துக்கு இழுத்துப் போயிருக்கிறது. அந்தப் பக்கத்தில், நீங்கள் ரோபோ இல்லை என்றால் 'அலோ' (அனுமதி) பட்டனை அழுத்துங்கள் என்று இருந்திருக்கிறது. கேட்டேன். "ஆமாப்பா, நான் ரோபோ இல்லையே, அதான் அமுக்கினேன்" என்றார்.

அந்த அலோ, ரோபோ சோதனைக்கானது இல்லை. 'இந்தத் தளம் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று பிரவுசர் கேட்ட கேள்விக்கான பதில். அனுமதி கிடைத்ததும் அந்தத் தளம் நினைத்த நேரத்திலெல்லாம் திரையில் துண்டுச்சீட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டது. ஃபார்மட் செய்தபோது அந்த அனுமதியும் அழிந்தது. பத்து நாள் கழித்து அதே ராசிபலன், அதே பக்கம், அதே அலோ. போனில் வைரஸ் என்று எதுவும் கடைசிவரை இருக்கவே இல்லை.

இந்தப் போலி எச்சரிக்கைகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் போனையோ கம்ப்யூட்டரையோ சோதித்துப் பார்க்க முடியாது. பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அடைத்து வைத்துத்தான் ஓட்டுகிறது. உங்கள் ஃபோல்டர்களையும் ஆப்களையும் எட்டிப் பார்க்க அதற்கு வழி இல்லை. 'ஸ்கேன் நடக்கிறது, 37 சதவீதம், 62 சதவீதம்' என்று ஓடும் பச்சைக் கோடு வெறும் அசையும் படம். 2000களின் பிற்பகுதியில் இந்த வித்தை புதிதாகக் கிளம்பியபோது, விண்டோஸ் எக்ஸ்பியின் 'மை கம்ப்யூட்டர்' ஜன்னலை அப்படியே வரைந்து, சி டிரைவில் இத்தனை வைரஸ் என்று காட்டுவார்கள். அதே படம் மேக் வைத்திருந்தவர்களுக்கும் லினக்ஸ்காரர்களுக்கும் வந்தது. சி டிரைவே இல்லாத மெஷினில் சி டிரைவ் நிறைய வைரஸ்!

"அப்படியென்றால் என் போன் மாடல், என் ஊர்ப் பெயரெல்லாம் அதற்கு எப்படித் தெரிந்தது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பயத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அந்தத் தகவலைக் கொடுப்பது பிரவுசரேதான். எந்தத் தளத்துக்குப் போனாலும், இது ஆண்ட்ராய்டா விண்டோஸா, குரோமா சஃபாரியா என்று பிரவுசர் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. பல சமயம் மாடல் எண்ணையும் கொடுத்துவிடும். பக்கத்தைத் திரைக்கு ஏற்றபடி அமைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஊர்ப் பெயர், உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்துப் போடும் குத்துமதிப்பு. தேனியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை என்று காட்டும். வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே எத்தனை பேர் என்று சொல்கிற குடுகுடுப்பைக்காரர் வேலைதான் இது.

போனில் வரும் ஒரு வாசகம் மிகவும் பிரபலம். உங்கள் போன் 28.1 சதவீதம் சேதமடைந்துவிட்டது, காரணம் 4 வைரஸ்கள், சமீபத்தில் பார்த்த ஆபாசத் தளங்களிலிருந்து வந்தவை என்று ஆங்கிலத்தில் வரும். இதை எழுதிய ஆளின் கெட்டிக்காரத்தனத்தை நான் கொஞ்சம் வியக்கவே செய்கிறேன். அந்தப் புள்ளி ஒன்று இருக்கிறதே, அது இருந்தால் ஏதோ அளந்து பார்த்துச் சொன்னதுபோல ஆகிவிடுகிறது. 'ஆபாசத் தளம்' என்ற சொல் யாரிடமும் காட்டிக் கேட்கவிடாமல் வாயைக் கட்டிவிடுகிறது. போன் அதிர்வதும் சேர்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு பிரவுசர்களில் போனை அதிரவைக்கும் வசதி வலைப்பக்கங்களுக்கு உண்டு, விளையாட்டுகளுக்காகக் கொடுத்தது. போன் தானாக நடுங்கினால் உள்ளே என்னவோ நடக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மோசமான தளங்களுக்குப் போகிறவர்களுக்குத்தான் இது வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகப் போடுகிற தளங்களிலும் இலவசப் பாட்டு டவுன்லோடு தளங்களிலும் இது அதிகம் என்பது உண்மை. நல்ல விளம்பர நிறுவனங்கள் அந்தத் தளங்களைத் தொடாது என்பதால், எந்தக் குப்பை விளம்பரம் கிடைத்தாலும் போட்டுக்கொள்வார்கள். ஆனால் 2009 செப்டம்பரில் ஒரு வார இறுதியில் நியூயார்க் டைம்ஸ் தளத்தின் வாசகர்களுக்கே இந்த எச்சரிக்கை வந்தது. இணையத் தொலைபேசி நிறுவனமான வோனேஜின் பெயரில் யாரோ விளம்பர இடம் வாங்கியிருக்கிறார்கள். முதலில் ஒழுங்கான வோனேஜ் விளம்பரம்தான் ஓடியது. வார இறுதி நெருங்கியதும் அதைச் சத்தமில்லாமல் மாற்றி, போலி வைரஸ் எச்சரிக்கையை ஏற்றிவிட்டார்கள். பத்திரிகையின் சர்வரை யாரும் உடைக்கவில்லை, காசு கொடுத்து வாங்கிய இடத்தில்தான் எல்லாம் நடந்தது.

இன்றும் இதே வழிதான். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்த நொடிக்குள், அதில் இருக்கும் விளம்பர இடம் ஏலத்துக்குப் போய், கை மாறிக் கை மாறி யாரோ ஒருவருக்குக் கிடைக்கிறது. தளத்தை நடத்துகிறவருக்கு அதில் என்ன ஓடப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியாது. இடையில் ஒருவர் ஆளைப் பொறுத்து விளம்பரத்தை மாற்றலாம். கம்ப்யூட்டரில் போனால் சோப்பு விளம்பரம், போனில் போனால் வைரஸ் எச்சரிக்கை. ஒருமுறை காட்டிய ஆளுக்கு மறுமுறை காட்டாமலும் விடலாம். தளக்காரரிடம் புகார் சொன்னால் "எனக்கு அப்படி எதுவும் வரலையே" என்பார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

காசு எங்கிருந்து வருகிறது? பழைய கணக்கு நேரடியானது. பயமுறுத்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு 'ஆன்டிவைரஸை' விற்றுவிடு. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்கள் அந்தக் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். அவற்றின் பின்னால் இருந்த இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்ததாகப் புகார். 2012இல் அந்த வழக்கில் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அப்புறம் தொழில் படுத்துவிட்டதா என்றால் இல்லை. 2024 மார்ச்சில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு சைப்ரஸ் நிறுவனங்கள், விண்டோஸ் எச்சரிக்கைபோல வேடமிட்ட பாப்-அப்களைக் காட்டி ஆட்களைப் பிடித்தன என்ற வழக்கில் 2.6 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தன.

இன்னொரு ரகம் கமிஷன் வியாபாரம். நல்ல பெயருள்ள ஆன்டிவைரஸ் ஒன்றின் சந்தா முடிந்துவிட்டது என்று பாப்-அப் வரும். உங்களிடம் அந்த மென்பொருள் இருந்ததே இல்லை. சொடுக்கினால் சில சமயம் அந்த நிறுவனத்தின் அசல் விற்பனைப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும். நடுவில் ஒரு தரகர் ஆள் சேர்த்துவிட்டதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்வார். வாங்கியது அசல் சரக்குதான், வாங்கவைத்த விதம்தான் பொய்.

ஆனால் இப்போது பெரிய பணம் போன் நம்பரில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் திடீரென்று முழுத்திரையும் நீலமாகிவிடும். 'விண்டோஸ் டிஃபெண்டர்' என்று தலைப்பு. பீப் பீப் என்று சத்தம், ஒரு பெண் குரல் கம்ப்யூட்டரை அணைக்காதே, ரீஸ்டார்ட் செய்யாதே என்று ஆங்கிலத்தில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். மவுஸ் அம்பு காணாமல் போயிருக்கும். எஸ்கேப் அழுத்தினால் போகாதது போலிருக்கும். நடுவில் 'மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்' என்று ஒரு நம்பர். இந்த வகையில் பல காலமாகச் சுற்றும் ஒரு பக்கத்தில், பிடிபட்ட வைரஸின் பெயர் 'ஆட்ஸ் டாட் ஃபியான்ஸ்ட்ராக்' என்று போட்டிருக்கும். 'ஃபைனான்ஸ்' என்று அடிக்க வந்தவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் போல, அது 'ஃபியான்ஸே', அதாவது நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை ஆகிவிட்டது. அந்தப் பிழையோடே பக்கத்தைக் காப்பியடித்துக் காப்பியடித்து உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

திரை பூட்டிக்கொண்டதாகத் தெரிகிறதே, அதன் சூட்சுமம் இது. ஒரு பக்கம் தானாக முழுத்திரைக்குப் போக முடியாது, உங்கள் சொடுக்கு ஒன்று வேண்டும். அதனால் முதலில் 'குக்கீ ஏற்றுக்கொள்' மாதிரி ஏதாவது ஒரு பெட்டியை நீட்டுவார்கள். நீங்கள் எங்கே சொடுக்கினாலும் பக்கம் முழுத்திரையாகும். அதற்குப் பிறகு நீங்கள் பார்க்கும் முகவரிப் பட்டையும் மூடும் எக்ஸ் குறியும் வரைந்த ஓவியம். அந்த எக்ஸை அழுத்துவதும் 'ஓகே' அழுத்துவதும் ஒன்றே. மவுஸ் அம்பை மறைப்பது ஒரே வரி வேலை. 'பேக்' அழுத்தினால் போகாததற்குக் காரணம், பின்னால் இருக்கும் வரலாற்றில் அதே பக்கத்தையே நூறு தடவை திணித்து வைத்திருப்பதுதான். முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல்: இந்தப் பக்கங்களை யாருக்கும் வாடகைக்குக் கிடைக்கும் மைக்ரோசாஃப்டின் மேகக்கணினி சர்வர்களிலேயே இடம் பிடித்து வைத்துவிடுவது உண்டு. அப்போது முகவரியின் முடிவில் அசலாகவே 'விண்டோஸ் டாட் நெட்' என்று இருக்கும்.

ஆக, திரையில் எதை நம்பலாம்? போன் நம்பரை வைத்து முடிவு செய்யலாம். தங்கள் எச்சரிக்கைகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. நம்பர் இருந்தால் போலி.

அந்த நம்பரை அழைத்தவருக்கு என்ன நடக்கும்? மறுமுனையில் பணிவாகப் பேசும் ஒருவர் தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கவிடும் எனிடெஸ்க், டீம்வியூவர் போல ஏதாவது ஒன்றை நிறுவச் சொல்வார். இவை நல்ல மென்பொருள்கள், அலுவலகங்களில் தினமும் பயன்படுபவை. உள்ளே வந்ததும் விண்டோஸில் 'ஈவன்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்து காட்டுவார். எந்தக் கம்ப்யூட்டரிலும் அங்கே மஞ்சளும் சிவப்புமாய் நூற்றுக்கணக்கான குறிகள் இருக்கும். சின்னச் சின்னத் தடங்கல்கள்கூட அதில் பதிவாகும். "பாருங்கள், எத்தனை எர்ரர்!" அவ்வளவுதான், ஆள் விழுந்துவிடுவார். பிறகு சர்வீஸ் கட்டணம், அப்புறம் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வது என்று போகும்.

நமக்குக் கொஞ்சம் சங்கடமான பகுதி, அந்தக் குரல்களில் நிறைய இந்தியாவிலிருந்து பேசுகின்றன என்பது. 2018 நவம்பரில் நொய்டா, குருகிராம் பகுதிகளில் 16 கால் சென்டர்களில் போலீஸ் சோதனை போட்டது. 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் 76 இடங்களில் தேடுதல் நடத்தியது. அதில் ஒரு பகுதி, தங்கள் பெயரைச் சொல்லி வெளிநாட்டவரை ஏமாற்றுவதாக மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்கள்மீது நடந்தது. அதே 2023இல் அமெரிக்காவில் மட்டும் தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் நடந்த மோசடிகளில் 92 கோடி டாலருக்கும் மேல் போனதாக எஃப்பிஐயிடம் புகார்கள் பதிவாயின. அதில் பெரும்பங்கு இழந்தவர்கள் 60 வயது தாண்டியவர்கள்.

சரி, திரையில் வந்துவிட்டது, என்ன செய்வது? கம்ப்யூட்டர் என்றால் எஸ்கேப் விசையை இரண்டு மூன்று நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஒரு தட்டு தட்டினால் போதாது. எஸ்கேப்பைத் தன்பக்கம் பிடித்துக்கொள்ளும் உரிமையைப் பக்கம் வாங்கியிருந்தாலும், நீண்ட அழுத்தத்துக்குப் பிரவுசர் உங்கள் பேச்சைத்தான் கேட்கும். முழுத்திரை கலைந்து உண்மையான எக்ஸ் தெரியும், டேபை மூடிவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டும், இதில்தான் பலர் மறுபடி மாட்டுகிறார்கள். எதுவுமே முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். அணைக்காதே என்று அந்தக் குரல் கெஞ்சுவது அதற்காகத்தான்.

போனில் இன்னும் எளிது. பக்கத்துக்குள் எதையும் தொடாமல், ஓடும் ஆப்களின் வரிசையைத் திறந்து குரோமை மேலே தள்ளிவிடுங்கள். நோட்டிஃபிகேஷனாக வந்துகொண்டே இருந்தால், குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் நீங்கள் அலோ கொடுத்த தளங்களின் பட்டியல் இருக்கும். பெரியம்மா போனில் 23 தளங்கள் இருந்தன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி யாரும் அனுமதி கேட்கவே கூடாது என்று மேலே இருக்கும் சுவிட்சையும் அணைத்தேன். இரண்டு நிமிட வேலை, 400 ரூபாய் இல்லை. ஐபோன்காரர்களுக்கு இது காலண்டர் வழியாக வரும். ஏதோ ஒரு பக்கத்தில் தெரியாமல் ஒரு காலண்டருக்குச் சந்தா கொடுத்திருப்பார்கள், தினமும் 'வைரஸ்' என்று நிகழ்ச்சி வந்து நிற்கும். காலண்டர் ஆப்பில் அந்தச் சந்தாவை நீக்கினால் தீர்ந்தது.

பார்த்ததாலேயே எதுவும் ஆகியிருக்காதா என்றால், ஒரு காலத்தில் ஆகியிருக்கலாம். பிரவுசருக்குள் ஃபிளாஷும் ஜாவாவும் ஓடிய நாட்களில் அவற்றின் ஓட்டைகள் வழியாகப் பக்கத்தைத் திறந்தாலே உள்ளே நுழைகிற தாக்குதல்கள் சாதாரணம். ஃபிளாஷ் 2020 முடிவோடு போய்விட்டது. இப்போதும் பிரவுசரில் ஓட்டைகள் அகப்படுகின்றன, அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடக்கூடாது. ஆனால் அப்படி ஓர் ஓட்டை கையில் இருப்பவர் பீப் சத்தம் போட்டு உங்களை எழுப்பமாட்டார், சத்தமில்லாமல் நுழைந்துவிடுவார். இவர்கள் இவ்வளவு கத்துவது உங்கள் கை அவர்களுக்குத் தேவைப்படுவதால்தான்.

அந்தக் கையைக் கேட்பதில் புதிய ரகம் ஒன்று 2024 முதல் பரவலாகியிருக்கிறது. இதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோல் வி, பிறகு என்டர்' என்று பக்கம் சொல்லும். எச்சரிக்கை இல்லை, சத்தம் இல்லை, தினமும் பார்க்கிற ரோபோ சோதனை மாதிரியே இருக்கும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) காப்பி செய்து வைத்திருக்கும். மூன்று விசையை அழுத்தியதும், பிரவுசரின் கூண்டுக்கு வெளியே, உங்கள் கையாலேயே, பாஸ்வேர்டு திருடும் மென்பொருளை இறக்கி ஓட்டிவிடுவீர்கள். பாப்-அப்பை மூடினால் கதை முடிந்தது என்பது இதற்குப் பொருந்தாது. அழுத்திவிட்டவர்கள் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு ஒரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றவேண்டும். ரிமோட் ஆப் நிறுவி யாரையாவது உள்ளே விட்டவர்களுக்கும் இதேதான். கூடவே வங்கிக்குச் சொல்லவேண்டும். பணம் போயிருந்தால் இந்தியாவில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930. அதை எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் பணத்தைக் கொண்டுபோகிறது.

பிரவுசர்காரர்களும் சும்மா இல்லை. 2020 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸும் குரோமும் நோட்டிஃபிகேஷன் கேட்கும் பெட்டியை அடக்க ஆரம்பித்தன. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் இப்படி முழுத்திரையைப் பிடிக்கும் பக்கங்களை அடையாளம் கண்டு தடுக்கும் வசதி 2025இல் சோதனைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் கூகுள், கம்ப்யூட்டரிலேயே ஓடும் சின்ன ஏஐ மாடலை வைத்து இத்தகைய பக்கங்களைக் கண்டுபிடிப்பதை குரோமில் சேர்த்தது. இவை பத்தில் சிலவற்றைப் பிடிக்கும், பக்கங்களும் நாளுக்கொரு முகவரி மாறும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஜப்பானில் இருக்கிறது. அங்கே இந்த மோசடி ரொம்பவும் அதிகம். ஐபிஏ என்ற அரசு சார்ந்த அமைப்பு 2023 இறுதியில் ஒரு பயிற்சிப் பக்கத்தைத் திறந்தது. அதில் போலி எச்சரிக்கை அச்சு அசலாக, முழுத்திரையில் கத்திக்கொண்டே வரும். யாரும் பார்க்காத நேரத்தில் உட்கார்ந்து அதை மூடிப் பழகலாம். எப்படி மூடுவது என்று படிப்பது வேறு, நெஞ்சு படபடக்கும்போது விரல் எங்கே போகிறது என்பது வேறு.

தமிழில் அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதனால் அன்றைக்குப் பெரியப்பாவின் லேப்டாப்பில் ஒரு பழைய பாட்டை முழுத்திரையில் ஓடவிட்டு, எஸ்கேப் எங்கே இருக்கிறது என்று காட்டி, மூன்று நொடி அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். திரை சுருங்கியது. "மறுபடி பெருசாக்கு" என்றார். ஐந்தாறு தடவை செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி.